சேவல் கூவாத பொய்

நடுவர் ஐயா அவர்களே, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எடுத்த பூசணிக்காயை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் சேலத்துச் சபையாரே, எல்லோருக்கும் ஸ்தோத்திரம்.

"கிறிஸ்தவர்கள் உண்மை பேசத் தவறுவது பெரிதும் பயத்தாலா, தாட்சண்யத்தாலா?" என்று கேட்டிருக்கிறார்கள். தாட்சண்யத்தால்தான் என்பது எங்கள் அணி, பயத்தால் என்பது எதிரணி. எதிரணித் தலைவர் ஏற்காட்டிலிருந்து 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்தவர். பேச்சிலும் வளைவுக்குக் குறைவில்லை. ஆனால் பேதுருவைக் கொண்டுவந்து நிறுத்தினாரே, அது நல்ல அடி.

ஒத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் கத்தியை உருவி, இயேசுவைப் பிடிக்க வந்த மல்குஸின் காதை வெட்டியவர், அதே இரவில் ஒரு வேலைக்காரப் பெண்ணிடம் "அவரை எனக்குத் தெரியாது" என்றார். பயம்தான். அப்புறம் என்ன நடந்தது? இயேசு முன்னமே சொன்னபடி சேவல் கூவியது. வெளியே போய் மனங்கசந்து அழுதார். பயத்தில் சொன்ன பொய், பொய் என்று நமக்கே தெரிகிறது, உறுத்துகிறது. தாட்சண்யத்தில் சொன்ன பொய்க்கு எந்தச் சேவல் ஐயா கூவுகிறது? "ஒருத்தர் மனசு நோகாமல் பார்த்துக்கொண்டேன்" என்று அதைப் புண்ணியக் கணக்கில் எழுதிவிட்டுத் தூங்கிவிடுகிறோம்.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். ஏரோது விருந்து வைக்கிறான், ஒரு பெண் ஆடுகிறாள், ராஜ்யத்தில் பாதி கேட்டாலும் தருவதாக ஆணையிடுகிறான். அவள் கேட்டது சிறையில் இருந்த தீர்க்கதரிசி யோவான் ஸ்நானனின் தலை. ராஜாவுக்கு வருத்தம்தான். "நான் வாயைவிட்டது தப்பு" என்று ஒரு வார்த்தை போதும். வரவில்லை. போட்ட ஆணைக்காகவும் கூடப் பந்தியிருந்தவர்களுக்காகவும் என்று வேதமே காரணம் சொல்கிறது. இலை போட்டு உட்கார்ந்தவர்களின் முகத்துக்காக ஒரு தலை போயிற்று.

நம் சபைக்கு வருவோம். "உங்களுக்காகத் தினமும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன்." இதை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறோம்? எத்தனை நாள் ஜெபித்தோம்? யாரும் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்கவில்லையே!

எதிரணியில் இரண்டாவதாகப் பேசியவர் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருப்பவர். "செம்பு சேர்க்காமல் கொலுசு நிற்காது, அதுபோலத் துளிப் பொய் இல்லாமல் உறவு நிற்காது, இது தவிர்க்க முடியாதது, இதைத் தவறு என்று எண்ணாதீர்கள்" என்றார். கைதட்டலும் வாங்கிவிட்டார். அண்ணே, சுத்த வெள்ளி வளையும், செம்பு வேண்டும், சரி. ஆனால் 92.5 டச், அதாவது நூற்றுக்கு 92.5 பங்கு வெள்ளி என்று சொல்லி 70 டச் கொடுத்தால் உங்கள் கடைக்கு நாளைக்கு யார் வருவார்கள்? உண்மையோடு சேர்க்க வேண்டிய செம்பு அன்பு. பொய்யைச் சேர்த்துவிட்டு டச் மாற்றிச் சொல்வதைத்தான் நான் தாட்சண்யம் என்கிறேன். எபேசியர் நிருபம் மெய்யைப் பேசச் சொல்வதற்குக் காரணமும் கொடுக்கிறது: நாம் ஒருவருக்கொருவர் அவயவங்கள். கண், மரியாதைக்காகக் காலிடம் "பள்ளம் ஒன்றுமில்லை, நட" என்றால் விழுவது யார்?

குறளும் சொன்னார்கள், பொய்மையும் வாய்மை இடத்த என்று. மீதியை ஏன் விழுங்கினீர்கள்? "புரைதீர்ந்த நன்மை" என்றல்லவா வள்ளுவர் நிபந்தனை போடுகிறார்? குற்றமில்லாத நன்மை. யாருக்கு நன்மை என்று பார்க்க வேண்டாமா?

என் கதையைச் சொல்கிறேன். எங்கள் தெருக்காரர் ஒருவர் மகளுக்கு வரன் பார்த்தார். பையன் எனக்குத் தெரிந்தவன். "எப்படிங்க தம்பி, குணம் நல்லா இருக்குமா?" என்று கேட்டார். அவன் குடிப்பது எனக்குத் தெரியும். பையனின் அப்பாவோடு பத்து வருடப் பழக்கம், பாடகர் குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிறோம். "நல்ல பையன்தாங்க" என்றேன். இரண்டு வருடத்தில் அந்தப் பெண் கைக்குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த ஒரு வார்த்தையில் நன்மை அடைந்தது என் முகம் மட்டும்தான்.

அந்தப் பெண்ணின் அப்பாவிடம் "எனக்கு முன்னாடியே தெரியும்" என்று இன்றுவரை சொல்லவில்லை. பயம் என்பீர்கள். அவர் என்னை ஒன்றும் செய்ய மாட்டார் ஐயா. வழியில் பார்த்தால் கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் டீ வாங்கிக் கொடுக்கிறார். "தம்பி, சர்க்கரை கம்மிதானே?" என்று ஞாபகமாகக் கேட்கிறார். நானும் தலையாட்டிவிட்டுக் குடிக்கிறேன்.