எடைக்குத்தான் இந்தக் கைதட்டல்

மதிப்புக்குரிய நடுவர் ஐயா அவர்களே, தைப்பனி தரையைத் துளைக்கும்னு தெரிஞ்சும் மப்ளரைச் சுத்திக்கிட்டு மஞ்சக்குப்பத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கற கடலூர் மக்களே, வணக்கம்.

'ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன்களின் புகழ் தகுந்ததே, தகுதிக்கு மிஞ்சியதே'ன்னு தலைப்பு. நடுவர் ஐயா என்னைப் பார்த்த உடனே 'மிஞ்சியதே' பக்கம் உட்கார வெச்சிட்டார். காலேஜ்ல நான் 54 கிலோ பிரிவுல குத்துச்சண்டை போட்டவன். இப்பவும் காத்து அடிச்சா கொஞ்சம் யோசிச்சுத்தான் நடப்பேன்.

எதிரணி அக்கா ரொம்ப அழகா ஒண்ணு சொன்னாங்க: "உலகத்துல எந்த மனுஷனையும் அடிச்சு வீழ்த்தக்கூடியவன் ஹெவிவெயிட் சாம்பியன். அதனால அவன்தான் வீரர்கள்ல பெரியவன்." அக்கா, கிழக்குக் கடற்கரைச் சாலையில லாரியும் ஆட்டோவும் மோதினா எது ஜெயிக்கும்? லாரிதான். அதுக்காக லாரி டிரைவரைக் கூப்பிட்டு, உன்னை மாதிரி வண்டி ஓட்ட ஆளில்லைன்னு மாலையா போடுவோம்?

தொழில்முறைக் குத்துச்சண்டையில 90.7 கிலோ, அதாவது 200 பவுண்டைத் தாண்டினா ஹெவிவெயிட். மேல வரம்பு கிடையாது. இதோட அருமை எங்களை மாதிரி ஆளுங்களுக்குத்தான் தெரியும். ஒரு போட்டிக்கு முதல் நாள், சில்வர் பீச் மணல்ல ரெயின்கோட் மாட்டிக்கிட்டு ஓடுறேன். வலையைப் பிரிச்சுக்கிட்டிருந்த பெரியவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மழை எங்கப்பா?"ன்னார். மறுநாள் காலையில எடை மெஷின் 54 கிலோ 200 கிராம் காட்டுது. பனியனைக் கழட்டினேன். அப்பவும் 100 கிராம் கூட. பபிள்கம்மை மென்னு மென்னு ஒரு டம்ளர்ல எச்சில் துப்பிக்கிட்டே அரை மணி நேரம் நின்னேன். பக்கத்துல மேல்வரம்பு இல்லாத பிரிவு அண்ணன் எட்டாவது இட்லிக்குச் சாம்பார் கேக்கறார். எங்க கோச் அவர்கிட்ட சொன்னது ஒண்ணுதான்: "மெஷினை மட்டும் உடைச்சிடாத."

சரி, மைக் டைசனுக்கு வர்றேன். டைசன்னு சொன்னா கைக்குழந்தைகூட முஷ்டியை மடக்கும்னு அக்கா சொன்னாங்க. உண்மை. 1988ல மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 செகண்ட்ல படுக்க வெச்ச ஆள். 37 சண்டை, 37 வெற்றி. இவரை அடிக்க மனுஷன் இன்னும் பிறக்கலைன்னாங்க. 1990 பிப்ரவரி, டோக்கியோ. எதிர்ல பஸ்டர் டக்ளஸ். பந்தயக் கணக்குல 42க்கு 1, அவ்வளவு மட்டமா மதிப்பு போட்டிருந்தாங்க. சண்டைக்குச் சில வாரம் முன்னாடிதான் அவரோட அம்மா இறந்திருந்தாங்க. பத்தாவது ரவுண்டுல டைசன் விழறார். அந்தக் காட்சியைப் பார்த்தவங்களுக்கு மறக்காது: உலகத்தையே பயமுறுத்தின மனுஷன் முட்டி போட்டு, தரையைத் தடவித் தடவி, வெளிய விழுந்த பல்லுறையைத் தேடி, அதோட ஒரு முனையை மட்டும் வாயில கவ்விக்கிட்டு எழுந்திருக்கப் பார்க்கறார்.

எல்லா எடையிலயும் அதிர்ச்சித் தோல்வி உண்டேன்னு எதிரணி கேக்கும். கேக்கட்டும். ஆனா டைசனைச் சாய்ச்ச அந்த டக்ளஸ், அதே வருஷம் அக்டோபர்ல ஹோலிஃபீல்டுகிட்ட மூணாவது ரவுண்டுல விழுந்தார். அப்ப நாம 'வெல்லவே முடியாது'ன்னு எதைச் சொல்லிக்கிட்டிருந்தோம்? 2019ல நியூயார்க்ல சாம்பியன் ஆந்தனி ஜோஷுவா, சிலை மாதிரி உடம்பு. கடைசி நேரத்துல மாத்தாளா வந்த ஆண்டி ரூயிஸ், நம்ம பந்தி மாஸ்டர் மாதிரி தொப்பை. ஜோஷுவா நாலு தடவை தரைக்குப் போனார். 2023ல ரியாத்ல டைசன் ஃப்யூரியை (இவர் வேற டைசன்) மூணாவது ரவுண்டுல கீழ தள்ளினவர் பிரான்சிஸ் நகானு. தொழில்முறைக் குத்துச்சண்டையில அது அவருக்கு முதல் மேட்ச்! ஃப்யூரி நடுவர்கள் புண்ணியத்துல, அதுவும் ரெண்டுக்கு ஒண்ணுன்னு தப்பிச்சார்.

பண்ருட்டி மண்டியில பலாப்பழம் வாங்கினவங்க கைதூக்குங்க. பெரிய பழத்தைப் பார்த்ததும் வியாபாரி வாயைப் பிளக்கறாரா? விரலை மடக்கித் தட்டிப் பார்க்கறார், காதைக் கொடுத்துக் கேக்கறார். உள்ள சுளை எவ்வளவு, சக்கை எவ்வளவுன்னு அவருக்குத் தெரியணும். நாம ஹெவிவெயிட்ல மட்டும் தட்டிப் பார்க்காமலே விலை பேசிட்டோம்.

அந்தக் கால ஹெவிவெயிட் சாம்பியன் ராக்கி மார்சியானோ, 49 சண்டை, 49 வெற்றி, 1956ல தோல்வியே இல்லாம ஓய்வு. நான் கையெடுத்துக் கும்பிடற ஆள். அவர் எடை சுமார் 85 கிலோ. இன்னைக்கு விதிப்படி அவர் ஹெவிவெயிட்டே இல்லை, ஒரு படி கீழ, குரூசர்வெயிட். இப்போதைய குரூசர்வெயிட் சாம்பியன் யாருன்னு இந்தக் கூட்டத்துல ஒருத்தர் சொல்லுங்க பார்ப்போம். (பாருங்க, ஒலிபெருக்கிக்காரர்கூட தலையைச் சொறியறார்.) அதே குரூசர்வெயிட்ல உக்ரைன்காரர் உசிக் 2018லயே நாலு அமைப்புகளோட உலகப் பட்டத்தையும் ஒண்ணா கையில வெச்சிருந்தார். நம்ம டீக்கடையில யாராவது பேசினோமா? மேல ஏறி 2024ல ஃப்யூரியை ஜெயிச்சதும்தான் உசிக், உசிக்னோம். அதே ஆள், அதே கை, அதே கால்வேலை. மாறினது பிரிவோட பேர் மட்டும்தான். இத்தனைக்கும் அன்னைக்கு ஃப்யூரி அவரைவிட ஏறக்குறைய 17 கிலோ கூட!

நம்ம நாட்டுக்கு ஒலிம்பிக் குத்துச்சண்டையில பதக்கம் கொண்டு வந்தவங்களைப் பாருங்க. விஜேந்தர் 75 கிலோ, மேரி கோம் 51, லவ்லினா 69. அதுல ஒரு ஹெவிவெயிட் கிடையாது. மேரி கோம் ஆறு தடவை உலக சாம்பியன். ஆனா நம்ம பசங்க ரூம் சுவத்துல யார் போஸ்டர் தொங்குது?

அக்கா கடைசியா பிரம்மாஸ்திரத்தை விட்டாங்க. "முகமது அலியையும் மிஞ்சின புகழ்னு சொல்வியா தம்பி?" சொல்ல மாட்டேன். 1980ல சென்னை நேரு ஸ்டேடியத்துல வந்து காட்சிப் போட்டி ஆடினாரே, அந்த அலியை நானா குறைச்சுப் பேசுவேன்? எம்.ஜி.ஆரோட அவர் நிக்கற படம் எங்க மாமா கடையில ரொம்ப நாள் தொங்கிச்சு. ஆனா 1974ல கின்ஷாசாவுல அவர் என்ன செஞ்சார்? ஃபோர்மேன் அதுவரைக்கும் 40 சண்டையும் ஜெயிச்ச இடிமுழக்கம். அவரோட அலி இடிக்கு இடி போட்டாரா? கயித்துல சாஞ்சு, கையை முகத்துக்குக் குடுத்து, அடிச்சு ஓய்ஞ்சு போடான்னு விட்டார். எட்டாவது ரவுண்டுல ஃபோர்மேனுக்குக் கை தூங்கிப்போச்சு, அலி முடிச்சார். அதுக்கு முன்னாடி, இளவயசுல, ரிங்குல அவர் ஆடின கால் எங்க 54 கிலோ பிரிவுக் கால். தலையைப் பின்னால இழுத்துக் குத்தைக் காத்துல போக விடறது எங்க வேலை. எங்க சொத்தை எடுத்து அவர் ஹெவிவெயிட்ல ஆடினார், அதனால அவர் அலி.

மணி அடிச்சிட்டாங்க. அடுத்து பேச வர்ற எதிரணித் தம்பிக்கு ஒரே ஒரு கேள்வி. வந்து அலியைப் பத்திப் பேசு, நானும் கைதட்டறேன். ஆனா அலியோட பெருமையில எது அவர் எடையால வந்துச்சுன்னு சொல்லிட்டு உட்காரு. நன்றி, வணக்கம்.