கலர் மாற்றாத சிவப்பு ஆறு! செவ்வாய் விஞ்ஞானிகள் ஏன் இங்கே வந்தார்கள்?

வணக்கம் நண்பர்களே! திரையில் ஓடும் இந்த ஆற்றைப் பாருங்கள். கலர் எதையும் மாற்றவில்லை, தண்ணீரே இப்படித்தான். ஆழமில்லாத இடத்தில் கட்டன் சாயா நிறம், நடுவில் ரத்தச் சிவப்பு, கரைக் கற்களில் மஞ்சள் பொருக்கு.

பெயர் ரியோ டின்டோ. ஸ்பெயினின் தென்மேற்கில், உவெல்வா மாகாணத்தில் சுமார் 100 கிலோமீட்டர் ஓடி அட்லாண்டிக்கைச் சேர்கிறது. 1492இல் கொலம்பஸ் கிளம்பிய பாலோஸ் இதன் முகத்துவாரத்தில்தான் இருக்கிறது. சரி, சிவப்புக்கு வருவோம்.

மலைக்குள் பைரைட் கொட்டிக் கிடக்கிறது. இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது. அதில் காற்றும் நீரும் பட்டால் கந்தக அமிலம் உண்டாகும், இரும்பு கரையும். அந்த இரும்பிலிருந்தே உயிர்வாழும் பாக்டீரியாக்கள் இதை இன்னும் வேகப்படுத்துகின்றன. தண்ணீர் எலுமிச்சைச் சாறு அளவுக்குப் புளிப்பு! அதிலும் பாசி வாழ்கிறது, பூஞ்சை வாழ்கிறது. 2004இல் செவ்வாய் கிரகத்தில் கண்டுபிடித்த ஜாரோசைட் தாது இந்தக் கரையிலும் உண்டு. செவ்வாயின் நிலத்தடியிலும் இப்படி உயிர் வாழ முடியுமா என்று அறியத்தான் நாசா விஞ்ஞானிகள் இங்கே வந்து துளை போட்டுப் பார்த்தார்கள்.

பெரும்பாலும் கதையை இதோடு முடித்துவிடுகிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. தயவுசெய்து இதையும் கேளுங்கள்.

ரோமானியர்கள் வெள்ளியும் செம்பும் தோண்டிய இந்தச் சுரங்கங்களை 1873இல் ஸ்பெயின் அரசு பிரிட்டிஷ் முதலாளிகளுக்கு விற்றது. செம்பு எடுப்பதற்காகத் தாதுவை வெட்டவெளியில் குவித்து மாதக்கணக்கில் எரித்தார்கள். கந்தகப் புகை ஊர்மேல் வந்து உட்காரும். மக்கள் அதற்கு வைத்த பெயர் 'மான்டா', அதாவது போர்வை. பயிர் கருகும், மூச்சு முட்டும். புகையில் வேலை நின்றால் தொழிலாளிக்கு அன்று அரைக்கூலிதான்! புகையைக் கிளப்பியது கம்பெனி, கூலியை இழந்தது தொழிலாளி. இதைப் படித்தபோது எனக்கு வயிறு எரிந்தது.

1888 பிப்ரவரி 4. சுரங்கத் தொழிலாளர்களும் விவசாயிகளும் குழந்தை குட்டிகளோடு, பேண்ட் வாத்தியம் முழங்க, புகைக்கு எதிராக ஊர்வலமாக வந்து ஊர்ச் சதுக்கத்தில் நின்றார்கள். ராணுவம் சுட்டது. அரசுக் கணக்கில் செத்தவர்கள் 13 பேர். ஊரார் சொல்லும் கணக்கு அதைவிடப் பல மடங்கு.

அந்த மாதக் கடைசியில் வெட்டவெளி எரிப்புக்கு அரசு தடை போட்டது. 1890இல் தடையை அரசே விலக்கிக்கொண்டது. அதன்பிறகும் அந்தப் போர்வை ஊர்மேல் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. அந்தப் பக்கத்தில் 1888க்கு இன்னொரு பெயரே உண்டு: 'துப்பாக்கிச் சூட்டு வருஷம்'.