கல் இறங்கிய வழியே ஏறும் சைக்கிள்

நேயர்களுக்கு வணக்கம்.

நம் ஊரில் புது வீடு கட்டியவர் தரையைக் காட்டி "இட்டாலியன் மார்பிள்" என்று சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை தெரியும். அந்தக் கல்லுக்குப் பேர்போன மலைகள் இத்தாலியில் துஸ்கனி பகுதியின் வடமேற்கு மூலையில், கடலோரமாக இருக்கின்றன. அபுவான் ஆல்ப்ஸ் என்று பெயர். கராரா, மஸ்ஸா, செராவெத்ஸா ஆகியவை அதன் அடிவார ஊர்கள். இந்த மலைகளில் சைக்கிள் ஓட்டுவது பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மரினா தி கராரா என்ற துறைமுகத்தில் நின்று வடகிழக்கே திரும்பினால், 15 கிலோமீட்டர் தூரத்துக்குள்ளேயே சாக்ரோ என்ற சிகரம் 1,749 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும். நடுவில் ஒரு சின்னச் சமவெளி, அவ்வளவுதான். மலைச்சரிவெல்லாம் ஜூலை மாத வெயிலிலும் வெள்ளை வெளேரென்று இருக்கும். முதல்முறை வருகிறவர்கள் பனி என்றுதான் நினைப்பார்கள். அது வெட்டிய பளிங்கும், வெட்டும்போது உடைந்து சரிந்த துண்டுகளும்.

இங்கே சைக்கிள் ஓட்டப் போகிறவர் ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இந்த மலைகளின் பெரும்பாலான பாதைகள் கல்லை இறக்குவதற்காக வந்தவை. ஒரு சாலை ஏன் சட்டென்று செங்குத்தாகிறது, ஏன் திடீரென்று ஒரு பாறைச் சுவரில் போய் முடிகிறது, யாருமே குடியில்லாத இடத்தில் எதற்கு ஒரு சுரங்கப்பாதை என்றெல்லாம் கேட்டால் பெரும்பாலும் கல்தான் பதில். ரோமானியர் காலத்திலேயே இந்த வேலை தொடங்கிவிட்டது. ரோம் நகரில் இன்றும் நிற்கும் ட்ராஜன் தூண் இந்த மலையின் கல். கல் இறங்கிய அதே வழியில்தான் நாம் மிதித்து ஏறுகிறோம்.

கராராவுக்கு மேலே மூன்று குவாரிப் பள்ளத்தாக்குகள்: தொரானோ, ஃபந்திஸ்கிரித்தி, கொலோன்னாத்தா. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது கொலோன்னாத்தா சாலை. ஊரிலிருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான் இருக்கும், முடிவில் சுமார் 530 மீட்டர் உயரம். பயிற்சி உள்ளவர்களுக்கு இது பெரிய ஏற்றமே இல்லை. ஆனால் ஒவ்வொரு வளைவிலும் நின்று பார்க்க ஏதோ ஒன்று இருக்கிறது. எதிர்ச் சரிவில் படிப்படியாக வெட்டிய பளிங்குச் சுவர்கள் தெரியும். அவற்றின் மேல் ஊர்ந்து போகும் ஜே.சி.பி. இயந்திரங்கள் அந்த உயரத்தில் எறும்பளவுதான் இருக்கும்.

லாரி வருவதற்கு முன்னால் இந்தச் சரிவுகளில் கல்லை எப்படி இறக்கினார்கள் என்று தெரிந்துகொண்டு ஏறினால் அந்த ஏற்றமே வேறு மாதிரி தெரியும். முறையின் பெயர் லித்ஸத்தூரா. இருபது முப்பது டன் கற்களை மரச்சட்டங்களின் மேல் ஏற்றிக் கட்டுவார்கள். மலைமேல் நட்ட முளைகளில் வடத்தைச் சுற்றி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி விடுவார்கள். கல் வழுக்கி இறங்குவதற்குச் சோப்புத் தடவிய கட்டைகளைக் கீழே போட வேண்டும். கல் கடந்ததும் பின்னால் கிடக்கும் கட்டையை எடுத்து முன்னால் கொடுப்பார்கள். குழுத்தலைவர் கல்லுக்கு நேர் முன்னால், சரிவின் கீழ்ப்பக்கம் நின்று அதை வாங்கிப் போட்டுக்கொண்டே, வடம் பிடித்தவர்களுக்குக் குரல் கொடுப்பார். நம் ஊர்த் தேரோட்டத்தில் சக்கரத்தருகே முட்டுக்கட்டை போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதே துணிச்சல், ஆனால் செங்குத்துச் சரிவில். வடம் அறுந்தால் முதலில் போவது அவர்தான். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை இப்படித்தான் வேலை நடந்தது. கொலோன்னாத்தா ஊர்ச் சதுக்கத்தில் குவாரித் தொழிலாளிக்கு ஒரு நினைவுச்சின்னம் இருக்கிறது. மேலே போய்ச் சேர்ந்ததும் தண்ணீர் குடிப்பதற்கு முன்னால் அதன் எதிரே ஒரு நிமிடம் நில்லுங்கள். இயந்திரங்கள் வந்த பிறகும் குவாரிகளில் சாவு நின்றுவிடவில்லை.

அப்புறம் ரயில். 1876-ல் கராராவில் பளிங்கு ரயிலின் முதல் பகுதி திறக்கப்பட்டது. 1890-க்குள் அது குவாரிகளின் மேல்மட்டம் வரை போய்விட்டது. 1964-ல் மூடினார்கள். தண்டவாளம் போன பின்னும் பாலங்களும் சுரங்கங்களும் அப்படியே இருக்கின்றன. லாரிகள் அவற்றைப் பயன்படுத்துகின்றன. ஃபந்திஸ்கிரித்தி பக்கம் போனால் வாரா பாலங்கள் என்று ஒரு வளைவுப் பாலத் தொடர் வரும். குவாரிகளுக்கு நடுவே, பள்ளத்தாக்கின் குறுக்கே அதன் மீது சைக்கிளில் போவது இந்தப் பகுதியில் கிடைக்கும் மிகச் சிறந்த ஐந்து நிமிடங்கள் என்பேன்.

கொலோன்னாத்தாவில் எல்லாக் கடைகளிலும் விற்பது பன்றிக் கொழுப்பு. மூலிகையும் உப்பும் சேர்த்துப் பளிங்குத் தொட்டிகளில் மாதக்கணக்கில் ஊறவைப்பார்கள். ஒருகாலத்தில் குவாரித் தொழிலாளியின் ரொட்டிக்கு இதுதான் துணை. சைவக்காரர்களுக்குக் கவலை வேண்டாம். கீழே கராராவில் கொண்டைக்கடலை மாவில் சுடும் மெல்லிய அடை ஒன்று கிடைக்கும். ஏற்றம் முடித்து வந்தவர்களுக்கு அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியவில்லை.

சரி, பெரிய ஏற்றத்துக்கு வருவோம். கராராவிலிருந்து கிரஞ்ஞானா, காஸ்தெல்போஜ்ஜோ வழியாகக் காம்போச்செச்சீனா. சுமார் 20 கிலோமீட்டர் தொடர் ஏற்றம். 1,200 மீட்டருக்கும் மேலே போய் முடிகிறது. கடற்கரையிலிருந்து தொடங்கினால் உங்கள் கால்கள் கடல்மட்டத்திலிருந்து மேகம் வரை எல்லாவற்றையும் பார்த்துவிடும். மிகக் கொடூரமான சரிவு என்று எதுவும் இல்லை. பொறுமைதான் வேண்டும். கீழ்ப்பகுதியில் ஆலிவும் வீடுகளும். காஸ்தெல்போஜ்ஜோ தாண்டியதும் காடு, நல்ல நிழல். உச்சியில் மரங்கள் விலகி, காலடியில் தொரானோ குவாரிகள் முழுசாகத் திறந்துகொள்ளும். அதற்கு அப்பால் கடல். காற்று தெளிவாக இருக்கும் நாளில் கோர்சிக்கா தீவுகூடத் தெரியும்.

அந்த உச்சியில் நிற்கும்போது மகிழ்ச்சி மட்டும் வருவதில்லை. இந்த மலைகளின் பெரும்பகுதிக்கு 1985-லேயே வட்டாரப் பூங்கா என்ற பாதுகாப்பு வந்துவிட்டது. ஆனாலும் குவாரிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. வெட்டுவதில் பெரும்பங்கு இன்று சிலையாகவோ தரையாகவோ ஆவதில்லை; உடைத்துப் பொடியாக்கிக் காகிதத்துக்கும் பற்பசைக்கும் சுண்ணாம்புப் பொருளாக அனுப்புகிறார்கள். மைக்கலாஞ்சலோ உளி வைத்த கல்லைப் பற்பசையாக்கத்தான் வேண்டுமா என்று அங்குள்ளவர்களே கேட்கிறார்கள். எனக்கும் அதே கேள்விதான். அறுக்கும்போது வரும் பளிங்குத் தூள் மழையில் கரைந்து ஓடைகளைப் பால் நிறமாக்குகிறது. கராரா வழியே ஓடும் கர்ரியோனே ஆறு 2003-லும் 2014-லும் ஊருக்குள் புகுந்தது. அதேசமயம், இந்தக் குவாரிகளை நம்பி எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிகிறது. விருந்தாளியாகப் போகிற நாம் தீர்ப்புச் சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட முடியாது.

ஒரு நாள் முழுக்கச் சுற்ற நினைப்பவர்களுக்கு மஸ்ஸாவிலிருந்து வெஸ்தீத்தோ கணவாய் வழி. அந்தோனா கிராமத்தைத் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால், பியான் தெல்லா ஃபியோபா என்ற இடத்தில் மலைச்செடிகளுக்கான ஒரு தாவரத் தோட்டம் இருக்கிறது. அதன் பிறகு உச்சியருகே சுரங்கப்பாதை வரும். ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே இருட்டு, மேலிருந்து தண்ணீர் சொட்டும், வெயிலில் வியர்த்து வந்த உடம்பு சட்டென்று நடுங்கும். முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாமல் அதற்குள் நுழையவே கூடாது. மறுபக்கம் வெளியே வந்தால் கடல் காணாமல் போயிருக்கும், எதிரே உள்மலை. கீழே ஆர்னி கிராமம். இடப்பக்கம் இறங்கினால் கல் ஓடுகள் வேய்ந்த கூரைகளும் ஒரு சிறு ஏரியுமாக இசோலா சாந்தா. வலப்பக்கம் சிப்பொல்லாயோ சுரங்கம் வழியாகச் செராவெத்ஸாவுக்கு இறங்கி, கடலோரச் சமவெளியில் மஸ்ஸாவுக்குத் திரும்பலாம்.

அந்தச் செராவெத்ஸாவுக்கு ஒரு கதை உண்டு. ஃபுளோரன்ஸ் நகரின் சான் லொரென்சோ தேவாலயத்துக்கு முகப்புக் கட்டும் பொறுப்பு மைக்கலாஞ்சலோவிடம் இருந்தது. கராரா கல்லே போதும் என்றிருந்தவரை, போப் பத்தாம் லியோ செராவெத்ஸா மலையில் புதுக் குவாரி திறக்கச் சொன்னார். 1518-லிருந்து அந்த மேதை சிற்பத்தை விட்டுவிட்டுக் கல் இறக்கப் பாதை போடும் வேலையில் கிடந்தார். 1520-ல் முகப்புக்கான ஒப்பந்தமே ரத்தாகிவிட்டது. அந்தத் தேவாலயம் இன்றுவரை முகப்பில்லாமல் வெறும் கரடுமுரடான சுவராக நிற்கிறது. செராவெத்ஸாவின் மேலே அத்ஸானோ வரை சாலையில் ஏறி, எதிரே நிற்கும் அல்திஸ்ஸிமோ மலையைப் பார்க்கும்போது, அவர் ஏன் அப்படி அலுத்துப்போனார் என்பது கால்களுக்குப் புரியும்.

அருகிலேயே சாந்தான்னா தி ஸ்தாஸ்ஸேமா என்ற மலைக்கிராமம். அந்தச் சாலைக்கும் கல்லுக்கும் சம்பந்தமில்லை. 1944 ஆகஸ்ட் 12 அன்று நாஜிப் படையினர் அங்கே சுமார் 560 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். சைக்கிள்காரர்கள் பயிற்சிக்காக அங்கே ஏறுவது உண்டு. ஏறுங்கள், தவறில்லை; ஆனால் நேரம் பார்க்கும் கருவியை நிறுத்திவிட்டு நினைவிடம் வரை நடந்து போய்விட்டு வாருங்கள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். குவாரிப் பள்ளத்தாக்குகளுக்கு ஞாயிற்றுக்கிழமை போங்கள். அன்று குவாரி வேலை இல்லை, லாரி இல்லை. கராராவில் 2012-ல் லாரிகளுக்கென்றே தனிச்சாலை திறந்த பிறகு ஊருக்குள் நெரிசல் குறைந்தது. அந்தச் சாலையில் சைக்கிளுக்கு அனுமதி கிடையாது. மழை பெய்திருந்தால் குவாரிச் சாலைகளைத் தவிர்த்துவிடுங்கள், பளிங்குத் தூள் ஈரத்தில் சேறாகி டயரை வழுக்கிவிடும். கடற்காற்று மோதும் மலை என்பதால் மழைக்குப் பஞ்சமே இல்லை; ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும் இடங்கள் இங்கே உண்டு. மே, ஜூன், செப்டம்பர் மாதங்கள் நல்லவை. சிறிய கியர் உள்ள சைக்கிள், கூர்மையான கல்சில்லுகளைத் தாங்கும் கொஞ்சம் அகலமான டயர், இரண்டு உபரி டியூப் இருக்கட்டும். ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் காம்போச்செச்சீனா ஏறி இறங்கிவிட்டு, மாலையில் கொலோன்னாத்தா போங்கள். அந்த நேரத்துச் சாய்வெயிலில் குவாரிச் சுவர்களின் வெட்டுக்கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும்.

பேச வாய்ப்பளித்த நிலையத்தாருக்கு நன்றி. வணக்கம்.