ஆழம் தெரிந்து காலை விடுவோம்

மேடையை அலங்கரிக்கும் மாவட்ட ஆட்சியர் அவர்களே, வனத்துறை அலுவலர் பெருமக்களே, பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, பள்ளி வளாகத்தை நமக்காகத் திறந்துவிட்ட தலைமையாசிரியர் அவர்களே, மீனவப் பெரியவர்களே, பசுமைப்படைத் தம்பி தங்கைகளே, அனைவருக்கும் வணக்கம். அடுத்த கூட்டம் காத்திருந்தும், மாணவர்கள் பேசி முடிக்கும்வரை அமர்ந்து கேட்ட ஆட்சியர் அவர்களுக்கு அவையின் சார்பில் நன்றி. இரவெல்லாம் விழித்துப் பந்தல் போட்ட இளைஞர் மன்றத்தாருக்கும் நன்றி.

கடல்நீர் ஏறி இறங்கும் கழிமுகச் சேற்றில் வளரும் அலையாத்திக் காட்டைப் பற்றி மூன்று செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று பாடம், இரண்டு பயிற்சி, மூன்று கூலி.

பள்ளிகளில் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991-லேயே சொல்லிவிட்டது. பாடமும் வந்துவிட்டது. ஆனால் அலையாத்திக் காடு பரீட்சையில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக நிற்கிறது. காடோ பள்ளிக்குப் பின்னால் கழிமுகத்தில் நிற்கிறது. நம் பெரியவர்கள் சொன்னார்கள், ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று. என் பாடத்திட்டம் அந்த ஒரு வரிதான். சென்டிமீட்டர் குறித்த ஒரு கம்பை ஓடையில் நடுங்கள். பௌர்ணமியும் அமாவாசையும் அடங்கும்படி பதினைந்து நாள், அரை மணிக்கொரு முறை நீர் ஏற்றத்தையும் வற்றத்தையும் மாணவர்கள் முறை வைத்து எழுதட்டும். நம் கரையில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஒரு மீட்டர்கூட இல்லை. அதனால் ஒரு சாண் தாழ நட்டால் கன்று மூழ்கி அழுகும், ஒரு சாண் உயர நட்டால் உப்புப் பூத்துக் கருகும்.

வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே இருக்கும் பிச்சாவரத்தைப் பாருங்கள். 1970-கள் வரை அங்கே பகுதி பகுதியாக மரத்தை மொட்டையாக வெட்டினார்கள். வெயில் பட்ட சேறு வற்றி, தரை தாம்பாளம்போல உள்வாங்கியது. ஏறிவந்த கடல்நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கி, காய்ந்து, உப்பாகப் படிந்தது. அந்த மண்ணில் எத்தனை விதை போட்டாலும் முளைக்காது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து மீன்முள் வாய்க்கால் வெட்டியபிறகுதான் உயிர் திரும்பியது. நடுவே ஒரு தாய்வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளைகள். செங்குத்தாகச் சேர்த்தால் திருப்பத்தில் நீர் வேகம் இழந்து வண்டல் படியும். மேலே அகலம், அடியில் குறுகல். நேர்ச்சுவராக வெட்டினால் கரை சரியும். கன்று நிற்கவேண்டிய இடம் சரிவின் நடு. அடியிலும் கூடாது, மேட்டிலும் கூடாது. மறுபடியும் அதே சொல்தான்: ஆழம் தெரியாமல் காலை விடாதே!

கேரளத்தின் கண்ணூர் மாவட்டம் ஏழோமில் கல்லேன் பொக்குடன் என்று ஒருவர் இருந்தார். இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வயல் கூலியாள். பழையங்காடி ஆற்றங்கரை வரப்பு வழியாகத்தான் பிள்ளைகள் பள்ளிக்குப் போவார்கள். மழைக்காலத்தில் காற்றும் அலையும் ஒருசேர அடிக்கும், வரப்பு கரையும். 1989-இல் அவர் கண்டல் என்னும் அலையாத்தி மரத்தின் விதைகளைக் கொண்டுவந்து கரையோரம் ஊன்றினார். அவர் எந்தப் பட்டறையிலும் பயிலவில்லை. கடல்நீர் ஏறி இறங்கும் வயலிலேயே வளர்ந்த மனிதர். தண்ணீர் எதுவரை வரும் என்பது அவர் காலுக்கே தெரியும்! மலையாளத்தில் சுரபுன்னை என்னும் அலையாத்தி மர இனம் ஒன்றுக்குப் 'பிராந்தன் கண்டல்' என்று பெயர், அதாவது பைத்தியக் கண்டல். அதை நட்டவரை ஊர் கடைசியில் 'கண்டல் பொக்குடன்' என்று மரியாதையோடு அழைத்தது. சங்கப் புலவர்கள் நெய்தலில் பாடிய அதே கண்டல்தான், தம்பிகளே! 2015-இல் அவர் மறைந்தார். அவர் வளர்த்த மரங்கள் கரையைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றன.

அந்தக் கால் அறிவு நம் மீனவப் பிள்ளைகளுக்கும் உண்டு. அதற்குச் சம்பளம்தான் இல்லை. நடவு நாளில் நூறு பேர் வருகிறோம், படம் எடுக்கிறோம். அதன்பிறகு பாசி கன்றைச் சுற்றி இழுக்கிறது, கொட்டலசு என்னும் ஓடுள்ள சிற்றுயிர் தண்டில் ஒட்டிப் பாரமாகிச் சாய்க்கிறது, ஆடு மாடு இலையைக் கடிக்கிறது, வாய்க்காலில் வண்டல் ஏறுகிறது. பார்ப்பதற்கு ஆள் இல்லை.

ஆட்சியர் அவர்களே, வனத்துறை ஐயா அவர்களே, என் கோரிக்கை இதுதான். ஒவ்வொரு நடவின் செலவு மதிப்பீட்டிலும் மூன்று ஆண்டுப் பராமரிப்புக் கூலி சேரட்டும். அது உள்ளூர் இளைஞர்களின் வங்கிக் கணக்கிலேயே மாதாமாதம் ஏறட்டும். வேலை பட்டியலாகவே இருக்கிறது. முதிர்ந்த விதை பொறுக்கவேண்டும். சுரபுன்னைக்குக் காயின் கழுத்து மஞ்சளாகியிருக்க வேண்டும், பூச்சித் துளை இருந்தால் தள்ளவேண்டும். கழிமுகச் சேற்றைப் பையில் நிரப்பி, விதையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் உள்ளே போகும்படி ஊன்றவேண்டும். ஆழப் புதைத்தால் அழுகும். ஏற்றநீர் வந்து தொடும் இடத்தில் நாற்றங்கால் வைத்து வலைவேலி கட்டவேண்டும். பிறகு மாதம் ஒருமுறை பாசி நீக்கி, உயிரோடு நிற்கும் கன்றை எண்ணிப் பதிவேட்டில் எழுதவேண்டும். ஆண்டுக்கொரு முறை வாய்க்கால் தூர்வார வேண்டும். ஒரு மீட்டருக்கு ஒன்று என்று நட்டால் எக்டேருக்குப் பத்தாயிரம் கன்று. வந்துபோகும் ஒப்பந்தக்காரர் எண்ணமாட்டார். அந்தக் கரையிலேயே குடியிருப்பவன் எண்ணுவான்.

பயிற்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல எண்ணியிருந்தேன், நேரமாகிவிட்டது என்று தலைவர் சாடை காட்டுகிறார். கூலி உறுதியானால் பயிற்சிக்குப் பிள்ளைகள் தாமே வருவார்கள். மழைக்கு முன் அந்த மதிப்பீட்டுத் தாள் எழுதப்படும். அதில் இந்த வரியைச் சேர்த்துவிட்டுக் கையெழுத்திடுமாறு உங்கள் இருவரையும் இந்த அவை முன்னால் கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.