லீவுக்கு முன்னால் நீர்மட்டம்

நேயர்களே, வணக்கம். பெங்களூரில் நண்பர்கள் நான்கைந்து பேர் சேர்ந்து, மூன்று நாள் கனூ என்னும் துடுப்புப் படகில் போய்க் கரையில் கூடாரம் அடித்துத் தங்கலாம் என்று நினைத்தால், முதலில் பேசுவது லீவைப் பற்றித்தான். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது வேறு: ஆற்றில் தண்ணீர் எவ்வளவு, அதைத் திறந்துவிடுவது யார்?

நமக்குப் பக்கத்தில் இருப்பது காவிரி. ஆனால் சங்கமம், முத்தத்தி, பீமேஸ்வரி ஆகிய இடங்கள் காவிரி வனவிலங்கு சரணாலயத்தை ஒட்டியவை. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கரையில் இரவு தங்கக் கூடாது. யானை தண்ணீருக்கு இறங்கும் வழிகளும் முதலை வெயில் காயும் மணல்திட்டுகளும் உள்ள கரை அது. மேகதாதுவில் ஆறு பாறை இடுக்கில் ஒடுங்கிப் பாய்கிறது. அந்தப் பக்கம் படகு போகவே கூடாது. மேலே கே.ஆர்.எஸ். (கிருஷ்ணராஜ சாகர்), கபினி அணைகளில் கனஅடியைக் கூட்டினால், உங்கள் தலைக்கு மேல் ஒரு மேகம்கூட இல்லாத இரவிலும் தண்ணீர் ஏறும். வினாடிக்கு ஒரு கனஅடி என்றால் வினாடிக்குச் சுமார் 28 லிட்டர். புதரில் சருகும் குப்பையும் தொங்கும் உயரத்தைப் பாருங்கள். வெள்ளம் முன்பு எட்டிய இடம் அது. கூடாரம், படகு இரண்டும் அதற்கு மேலே இருக்கட்டும். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கி இலைதழை மிதந்து வந்தால், சாமானைப் பார்க்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

புதிதாகத் துடுப்புப் பிடிப்பவர்களுக்கு ஷராவதி ஆற்றின் பின்நீர்தான் ஏற்றது என்பேன். லிங்கனமக்கி அணையின் நீர்த்தேக்கக் கரையில், சாகர் பக்கத்தில், ஹொன்னெமரடு இருக்கிறது. தாளகுப்பாவுக்கு இரவு ரயில் உண்டு. பின்நீரில் இழுப்பு கிடையாது. மழைக்காலம் முடிந்த கையோடு போனால் தண்ணீர் நிறைந்திருக்கும்; கோடையில் வற்ற வற்ற, மூழ்கிய காட்டின் மரக்கட்டைகள் தலைகாட்டும். வெளியே தெரியும் கட்டையைவிட, நீருக்குள் ஒரு சாண் ஆழத்தில் மறைந்திருப்பதுதான் படகைக் கவிழ்க்கும். தீவுகளில் தங்க அனுமதி உண்டா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

தூரக் கணக்கில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. சுமை ஏற்றிய கனூவை இரண்டு புதியவர்கள் தள்ளினால், அசையாத நீரில் மணிக்கு 3 அல்லது 4 கிலோமீட்டர்தான் போகும். ஒரு நாளைக்கு 12 கிலோமீட்டர் போதும். வரைபடத்தில் நேர்க்கோடு போட்டு அளக்காதீர்கள், கரையோரமாக வளைந்து அளந்து பாருங்கள். வலுவான இருவரை ஒரே படகில் உட்கார வைத்தால் மற்றவர்கள் பின்தங்கிவிடுவார்கள். ஆளைப் பிரித்துப் போடுங்கள். காலை ஆறரைக்குக் கிளம்பி நண்பகலுக்குள் கரையேறுவது நல்லது, ஏனென்றால் பிற்பகலில் காற்று எழும். அலை பக்கவாட்டில் அடித்துப் படகுக்குள் தண்ணீர் கொட்டும். அப்படிக் காற்று விடாமல் அடித்தால் தங்கிக்கொள்ள, திட்டத்தில் அரை நாளாவது சும்மா விட்டுவையுங்கள்.

சுமை ஏற்றிய பிறகு படகின் விளிம்பு தண்ணீருக்கு மேல் குறைந்தது 15 சென்டிமீட்டர் நிற்க வேண்டும். கனமானவை நடுவில், அடியில். முன்பக்கம் பாரமானால் படகு நேராகப் போகாது. அரிசியும் மாற்றுடையும் கெட்டியான பாலிதீன் பையில். வாயை முறுக்கி மடித்துக் கட்டியபின் இன்னொரு பையில். சமையலுக்கு வறுத்த ரவை, அவல், புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி இருந்தால் எரிபொருள் மிச்சம். ஆற்று நீரை வடிகட்டி, தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்க வையுங்கள்.

லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் போட்டு வைப்பதில் பயனில்லை. பட்டையெல்லாம் மாட்டி, தோள்பட்டையில் பிடித்துத் தூக்கினால் காதுவரை ஏறாமல் நிற்க வேண்டும். ஓடும் ஆற்றில் படகு கவிழ்ந்தால், படகுக்கு மேல்நீரோட்டப் பக்கம் ஒதுங்குங்கள். கீழ்ப்பக்கம் நின்றால் தண்ணீர் நிறைந்த படகு உங்களைப் பாறையோடு வைத்து நசுக்கும். மல்லாந்து, கால்கள் முன்னால் இருக்கும்படி மிதந்து வாருங்கள். இழுப்பில் எழுந்து நிற்க முயலாதீர்கள். பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் ஆளை மடக்கி அமுக்கிவிடும். இதையெல்லாம் ஆழமில்லாத அமைதியான நீரில், பழகிய ஒருவர் பக்கத்தில் இருக்க, கிளம்பும் முன்பே செய்து பழகுங்கள்.

வீட்டில் ஒருவரிடம் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போங்கள்: யார் யார், எந்தக் கரையில் இறங்குகிறீர்கள், எந்த இரவு எங்கே, கடைசி நாள் எத்தனை மணிக்குள் போன் வரும். அந்த நேரம் தாண்டி 2 மணி நேரம் ஆகியும் போன் வராவிட்டால் அவர் 112-ஐ அழைக்க வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.