பர்பன் தெருவுல ரூம் போடலாமா? நியூ ஆர்லியன்ஸ் பிரெஞ்சு குவாட்டர்ல தங்க இடம் பார்க்கிறது எப்படி

[திரையில்: இரவு நேர பர்பன் தெரு. நியான் பலகைகள், நடுத்தெருவுல கூட்டம்.]

அமெரிக்காவுல இருக்கிற நியூ ஆர்லியன்ஸ் போறவங்க ஹோட்டலுக்கு எத்தனை ஸ்டார்னு பார்ப்பாங்க, ரிவ்யூ படிப்பாங்க, நீச்சல் குளம் இருக்கான்னு கேப்பாங்க. அந்த ஊரோட பழைய பகுதியான பிரெஞ்சு குவாட்டர்ல இது எல்லாத்துக்கும் முன்னாடி பார்க்க வேண்டியது ஒண்ணு இருக்கு. கதவு எண்.

[திரையில்: பிரெஞ்சு குவாட்டர் வரைபடம். கீழே மிசிசிப்பி ஆறு, இடது ஓரத்துல கெனால் தெரு, வலது ஓரத்துல எஸ்பிளனேட்.]

பிரெஞ்சுக்காரங்க இந்த ஊரை நிறுவுனது 1718ல. அடுத்த சில வருஷத்துலயே நூல் பிடிச்ச மாதிரி நேர்நேரா தெரு போட்டுட்டாங்க. அந்தக் கட்டம் இன்னிக்கும் அப்படியே இருக்கு. பர்பன் தெரு கெனால் தெருவுல ஆரம்பிச்சு எஸ்பிளனேட் அவென்யூ வரைக்கும் 13 பிளாக். ஒரு பிளாக்னா ரெண்டு குறுக்குத் தெருவுக்கு நடுவுல இருக்கிற துண்டு. கெனால் பக்கத்து முதல் பிளாக்ல கதவு எண் நூறுல ஆரம்பிக்கும், அடுத்ததுல இருநூறு, கடைசி பிளாக்ல ஆயிரத்து முந்நூறு.

இப்போ கணக்கு ஈஸி. பர்பன் தெருன்னு முகவரி போட்டு, எண் 200ல இருந்து 700க்குள்ள இருந்தா, அது கச்சேரி மேடைக்கு நடுவுல போட்ட கட்டில். ரெண்டு பக்கமும் பார், கதவைத் திறந்து வெச்சு வாசிக்கிற பேண்டு, மாடியில டிஜே. 800கிட்ட, செயின்ட் ஆன் தெரு முனையில, எல்ஜிபிடி சமூகத்தோட பிரபலமான கிளப்புங்க இருக்கு. அங்கேயும் விடிய விடிய ஆட்டம்தான். டுமேன் தெருவைத் தாண்டினா சத்தம் சட்டுனு இறங்கிடும். 941ல லஃபீட்ஸ் பிளாக்ஸ்மித் ஷாப்னு 18ஆம் நூற்றாண்டுக் கட்டடத்துல ஒரு பார் இருக்கு, மெழுகுவத்தி வெளிச்சத்துல. அதுக்கு அப்புறம் ஆயிரத்துக்கு மேல போயிட்டீங்கன்னா ஆளுங்க குடியிருக்கிற வீடு, திண்ணையில செடித்தொட்டி, பூனை. அதே பர்பன் தெருதான், நம்பவே மாட்டீங்க.

குறுக்குத் தெருக்களுக்குக் கணக்கு வேற. அங்க எண் ஆத்துப் பக்கத்துல இருந்து ஏறும். 700ல ஆரம்பிக்கிற எண்ணுன்னா ராயல் தெருவுக்கும் பர்பனுக்கும் நடுவுல. 800ன்னா பர்பனுக்கும் டாஃபீன் தெருவுக்கும் நடுவுல. ஹோட்டல் விளம்பரத்துல பர்பன்ங்கிற பேரே இருக்காது, "அமைதியான துலூஸ் தெரு"ன்னு போட்டிருப்பான். எண் 7லயோ 8லயோ ஆரம்பிச்சா, அரை பிளாக் தள்ளி என்ன இருக்குன்னு இப்போ உங்களுக்குத் தெரியும்.

[திரையில்: பிளாஸ்டிக் கப்போட நடந்து போற கூட்டம்.]

சத்தம் இவ்வளவு நேரம் நீடிக்கிறதுக்குக் காரணம் இருக்கு. அமெரிக்காவுல பல ஊர்கள்ல ராத்திரி ரெண்டு மணிக்கு பாரை இழுத்து மூடிடணும். நியூ ஆர்லியன்ஸ்ல அப்படி ஒரு மூடும் நேரமே கிடையாது. கண்ணாடி கிளாஸ் இல்லாம பிளாஸ்டிக் கப்புன்னா மதுவோட தெருவுலயும் நடக்கலாம். அதனால பாருக்குள்ள இருக்க வேண்டிய கூட்டம் உங்க ஜன்னலுக்குக் கீழ நிக்கும்.

அந்த ஜன்னலும் ஒரு கதை. 1930கள்ல இருந்து இந்தப் பகுதிக்குன்னே ஒரு பாதுகாப்பு ஆணையம் இருக்கு. கட்டடத்தோட வெளிப்பக்கம் எதை மாத்தினாலும் அவங்க அனுமதி வேணும். அந்தக் கண்டிப்புனாலதான் இரும்புப் பூவேலை செஞ்ச மாடிகளெல்லாம் இன்னும் நிக்குது. அதே கண்டிப்புனால பழைய மரச்சட்டம் போட்ட ஜன்னலும் நிறைய இடத்துல அப்படியே இருக்கு. பாஸ் கிட்டார் அடிச்சா கண்ணாடி அதிரும்.

தெருப் பார்த்த மாடி ரூமுக்குக் காசும் கூட. மாடியில நின்னு கீழே இருக்கிறவங்களுக்குப் பாசிமணி மாலை வீசணும், கூத்தைப் பார்க்கணும்னா கொடுக்கலாம், தப்பில்ல. ஆனா அன்னிக்கு உங்களுக்குச் சிவராத்திரிதான். ஒருவழியா பாட்டு அடங்கி நீங்க கண்ணசரும்போது பீர் பீப்பாய் இறக்குற லாரி வரும். பின்னாடியே குப்பை வண்டி. அப்புறம் எலுமிச்சை வாசனை அடிக்கிற திரவத்தைத் தெளிச்சுத் தெருவைக் கழுவுற வண்டி. காலையில அந்த வாசனையோட, நேத்து ராத்திரி சிந்தின பீர் வாடையும் சேர்ந்து மேல வரும்.

[திரையில்: செங்கல் சுவர் சூழ்ந்த முற்றம், நடுவுல நீரூற்று, வாழை மரம்.]

குவாட்டருக்கு உள்ளயே தங்கி, தூங்கவும் செய்யணும்னா முற்றம் பார்த்த ரூம் கேளுங்க. பேருதான் பிரெஞ்சு குவாட்டர். 1788லயும் 1794லயும் வந்த தீ விபத்துல பழைய ஊர்ல பெரும்பகுதி எரிஞ்சு போச்சு. அப்போ ஆட்சி ஸ்பெயின்காரங்களுடையது. திரும்பக் கட்டும்போது கனமான செங்கல் சுவர், தெருவை ஒட்டி முகப்பு, உள்ள முற்றம்னு கட்டினாங்க. நம்ம ஊர் முற்றம் வெச்ச வீட்டுல வளர்ந்தவங்களுக்கு அந்தக் குளிர்ச்சி பழக்கமானதுதான். தெருச் சத்தம் முன்கட்டோட நின்னுடும். புக் பண்ணும்போது ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க: அந்த ரூமுக்கு ஜன்னல் இருக்கா? உள்பக்கத்து ரூம் சிலதுக்கு ஜன்னலே கிடையாது.

இந்த முற்றங்களைப் பத்தி விளம்பரத்துல வராத விஷயம் ஒண்ணு இருக்கு. முற்றத்துக்குப் பின்னாடி ஒடுக்கமா, ரெண்டு மூணு மாடியா ஒரு பின்கட்டு இருக்கும். ஹோட்டல்காரங்க அதை வண்டிக் கொட்டகை அறைன்னு அழகா பேரு வெச்சு விப்பாங்க. அதுல பலது அடிமைகளா வெச்சிருந்த ஆப்பிரிக்க மக்களைக் குடிவெச்ச இடம். கீழ சமையலறை, மேல அவங்க படுக்கிற அறை. உள்நாட்டுப் போருக்கு முன்னாடி அமெரிக்காவுலயே பெரிய அடிமைச் சந்தை இந்த ஊர்தான். இன்னிக்கு ஆம்னி ராயல் ஆர்லியன்ஸ் ஹோட்டல் நிக்கிற இடத்துல அன்னிக்கு செயின்ட் லூயிஸ் ஹோட்டல் இருந்துச்சு. அதோட வட்டக் கூடத்துல மனுஷங்களை ஏலம் விட்டாங்க. சார்ட்டர்ஸ் தெருப் பக்கம் போனீங்கன்னா அந்தப் பழைய கட்டடத்தோட சுவர்த் துண்டு, பாதி அழிஞ்ச எழுத்துகளோட இன்னும் தெரியும். பின்கட்டு ரூம் எடுக்காதீங்கன்னு சொல்லல. அங்கதான் நல்லா தூங்கலாம், அதுவும் உண்மை. ஆனா இந்த ஊர்ல பாதி ஹோட்டல் "எங்ககிட்ட பேய் இருக்கு"ன்னு சொல்லியே ரூம் விக்குது. பேய்க் கதை சொல்ற நேரத்துல, அங்க யாரு இருந்தாங்கன்னு ஒரு பலகை வெச்சிருக்கலாம்.

ஆத்துப் பக்கம் டெக்கேட்டர் தெருவை ஒட்டி இருக்கிற ரூமுக்கு வேற மாதிரி சத்தம். சரக்கு ரயில், கப்பல் சங்கு, பகல்ல நாச்செஸ்ங்கிற சுற்றுலாப் படகுல நீராவியால வாசிக்கிற ஆர்கன் பாட்டு. எனக்கு அது பிடிக்கும். பகல்ல தூங்குறவங்களுக்குப் பிடிக்காது.

[திரையில்: எஸ்பிளனேட் தாண்டி மேரிக்னி. வண்ண வண்ண மர வீடுகள்.]

உங்களுக்கு பாட்டுதான் முக்கியம்னா பர்பனை விட்டுடுங்க. பிரிசர்வேஷன் ஹால்ங்கிற இடத்துல ஜாஸ் கச்சேரி மட்டும் போய் கேட்டுட்டு வாங்க. 1961ல இருந்து நடக்குது, சின்ன ஹால், மதுவே விக்கிறதில்ல. மத்தபடி எஸ்பிளனேட்டுக்கு அந்தப் பக்கம், மேரிக்னிங்கிற பகுதியில ஃபிரெஞ்ச்மென் தெரு இருக்கு. ஒரே நடையில நாலு கிளப்புல நாலு விதமான ஜாஸ் கேட்கலாம். என்னைக் கேட்டா, பர்பன், ராயல், டாஃபீன் எதுவானாலும் சரி, எண் ஆயிரத்துக்கு மேல இருக்கிற ரூம்தான் இந்த ஊர்லயே நல்ல ரூம். ஒரு பக்கம் நடந்தா ஃபிரெஞ்ச்மென், இன்னொரு பக்கம் நடந்தா ஜாக்சன் சதுக்கம். ஒரே குறை, ராத்திரி வெகு நேரம் கழிச்சு ஆத்துக்கு எதிர் ஓரத்துல, ராம்பார்ட் தெருப் பக்கத்துப் பிளாக்குகள் ஆள் நடமாட்டமே இல்லாம இருக்கும். அந்த நேரத்துக்கு டாக்ஸி பிடிச்சுடுங்க.

[திரையில்: பார்க்கிங் பலகை.]

ஹூஸ்டன்ல இருந்து ஐ-10 நெடுஞ்சாலையில காரை எடுத்துட்டு வர்ற நம்ம ஆளுங்க நிறைய. சுமார் 350 மைல். ரூம் வாடகை கம்மின்னு சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி பார்க்கிங் கட்டணம் கேளுங்க. ஒரு ராத்திரிக்கு 40, 50 டாலர் இங்க சாதாரணம். தெருவுல நிறுத்தலாம்னா, வெளியூர் வண்டிக்குப் பல இடத்துல ரெண்டு மணி நேரம்தான். சாயங்காலத்துக்கு மேல பர்பன் தெருவுக்குள்ள கார் விடமாட்டாங்க. 2025 ஜனவரி 1 அதிகாலை கூட்டத்துக்குள்ள டிரக் ஓட்டி 14 பேரைக் கொன்ன தாக்குதலுக்கு அப்புறம் கெடுபிடி இன்னும் கூடியிருக்கு. பெட்டி படுக்கையோட பெரியவங்க வர்றாங்கன்னா வெளிச்சம் இருக்கும்போதே செக்-இன் பண்ணிடுங்க.

ஏர்பிஎன்பி? குவாட்டர்ல பெரும்பாலான இடத்துல குறுகிய கால வாடகைக்குத் தடை. ஊர்ல வேற எங்க எடுத்தாலும் விளம்பரத்துல நகராட்சி அனுமதி எண் இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா விட்டுடுங்க. சைவம் சாப்பிடுறவங்களுக்கு மைக்ரோவேவ், ஃபிரிட்ஜ் இருக்கிற ரூம் உதவும். திங்கக்கிழமைக்குன்னே சமைக்கிற ராஜ்மா சாதத்துலயும் பன்றி இறைச்சி கிடக்கும்.

[திரையில்: செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ. பச்சை டிராம், ஓக் மரங்கள்.]

கடைசியா மார்டி கிரா, கிறிஸ்தவங்களோட தவக்காலத்துக்கு முன்னாடி வர்ற திருவிழா. பெரிய அலங்கார வண்டி ஊர்வலம் குவாட்டர்ல போகும்னு நினைச்சு பர்பன்ல ரூம் போடுறவங்க ஏராளம். சந்து அவ்வளவு குறுகல்னு 1970களோட தொடக்கத்துலயே அதை நிறுத்திட்டாங்க. முக்கியமான ஊர்வலங்கள் போறது செயின்ட் சார்ல்ஸ் அவென்யூ வழியாவும் கெனால் தெரு வழியாவும்தான். குழந்தைங்களோட போறீங்கன்னா செயின்ட் சார்ல்ஸ் ஓரமா தங்குங்க. அங்க ஊர்க்காரங்க மர ஏணி உச்சியில பெட்டி மாதிரி இருக்கை அடிச்சு, பிள்ளைங்களை அதுல உக்கார வெச்சுப் பிடிச்சுட்டு நிப்பாங்க. மத்த நாள்ல அங்க இருந்து குவாட்டர் பக்கம் வர 1.25 டாலர் டிக்கெட்டுல டிராம். ஊர்வலம் இருக்கிற நேரத்துல அந்த டிராம் ஓடாது, நடைதான். அந்த வாரத்துல பல ஹோட்டல் ஒரு ராத்திரிக்கு மட்டும் ரூம் தராது, சேர்ந்தாப்ல சில ராத்திரி எடுக்கச் சொல்லும், பணமும் திரும்ப வராது. தேதி வருஷத்துக்கு வருஷம் மாறும், பிப்ரவரியிலயும் வரலாம், மார்ச்சுலயும் வரலாம். லீவு போடுறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துக்கோங்க.