தாளா, ஆளா?

நடுவர் அவர்களுக்கும் இராயபுரத்து அவையோருக்கும் எதிரணி நண்பர்களுக்கும் வணக்கம். புதிய நாட்டில் வேலை வாங்கித் தருவது சான்றிதழ், விசா என்று கையில் இருக்கும் தாளா, வழிகாட்டிக் கைகொடுக்கும் ஆளா என்பது தலைப்பு. ஆள்தான் என்று பேச வந்திருக்கிறேன். மற்ற மரியாதைகளை மணியடித்த பிறகு தனியாகச் செய்துகொள்கிறேன்.

எதிரணித் தலைவர் ஒரு குத்தல் குத்திவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார். "இவர்கள் கொண்டாடும் ஆள் யார்? துபாய்க்கு அனுப்புகிறேன் என்று பாஸ்போர்ட்டையும் பணத்தையும் வாங்கிக்கொண்டு இரவோடு இரவாகத் தலைமறைவானானே, அவன்தானே?" என்று கேட்டார். நீங்கள் கை தட்டினீர்கள். அவர் மனம் நோகக் கூடாது என்று நானும் தட்டினேன். பதில் இருக்கிறது, வருகிறேன். அதற்கு முன் எங்கள் தெருப் பையனின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருவில் வளர்ந்த பையன் அவன். மெக்கானிக்கல் படித்து, எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்கூடத்தில் சில ஆண்டுகள் இயந்திரப் பராமரிப்பு பார்த்துவிட்டுக் கனடாவுக்குப் போனான். டொராண்டோ நகரின் ஸ்கார்பரோ பகுதியில் ஒரு பேஸ்மென்ட் அறையில் தங்கிக்கொண்டு, ஊரிலிருந்து எடுத்துப்போன பயோடேட்டாவை நகல் எடுத்து நகல் எடுத்து எல்லா நிறுவனங்களுக்கும் கொடுத்தான். எந்த நிறுவனமும் வாய் திறக்கவில்லை. அந்தப் பயோடேட்டா எப்படி இருந்தது தெரியுமா? மேலே மூலையில் டை கட்டிய புகைப்படம், அதன் கீழே தந்தை பெயர், பிறந்த தேதி, மதம், 'திருமணமாகாதவர்' என்ற தகவல், கடைசிப் பக்கத்தில் 'மேற்கண்டவை யாவும் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்று இடம், நாள், கையொப்பம்.

ஒருநாள் கறிவேப்பிலை வாங்க ஒரு தமிழ்க் கடைக்குள் நுழைந்தான். காசு எடுப்பதற்காகக் கையில் இருந்த தாள்களை மேசைமேல் வைத்தான். கல்லாவில் இருந்த யாழ்ப்பாணத்து அக்கா அதைப் பார்த்தார், அவனைப் பார்த்தார், மறுபடியும் அதைப் பார்த்தார். "தம்பி, இது வேலை கேக்கவோ, பொம்பிளை கேக்கவோ?" என்றார். அவன் விழித்தான். "ராசியும் நட்சத்திரமும்தான் குறையுது" என்றார்.

இந்தக் கதையை நான் மூன்று வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். பையன் சொல்லும்போது அக்கா சிரித்துக்கொண்டே சொன்னார். அவன் தாயார் சொல்லும்போது, பிள்ளையின் முகம் வாடியதைப் பார்த்து அந்த அக்கா கண்கலங்கி ஒரு தட்டுச் சோறும் போட்டார். அவன் தகப்பனார் டீக்கடையில் சொல்லும்போதோ அக்காவே இல்லை. கடை ஒரு பெரிய அலுவலகமாகி, கறிவேப்பிலை கோப்புகளாகி, கோட்டு சூட்டுப் போட்ட அதிகாரி ஒருவர் எழுந்து நின்று கைகொடுத்து, "உங்கள் பையனைப் போல ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தோம்" என்று சொன்னதாக முடியும். தகப்பனாரை நான் திருத்துவதில்லை. மூன்று வடிவத்திலும் ஓர் ஆள் வருகிறார் என்பதை மட்டும் நடுவர் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

அந்த அக்கா விலை எழுதும் மார்க்கரை எடுத்துப் புகைப்படத்தின் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டார். வயது, மதம், திருமணம், தகப்பனார் எல்லாவற்றையும் அடித்தார். அந்த நாட்டில் வேலைக்கான விண்ணப்பத்தில் இவற்றை எழுதுவது வழக்கமில்லை என்று விளக்கிவிட்டு, "நின்ற மெசினை எப்படி ஓட வச்சனீர், அதை எழுதும்" என்றார். பிறகு ஒரு கிடங்கில் இரவு ஷிப்டுக்கு மேற்பார்வையாளராக இருந்த தம் அத்தானைத் தொலைபேசியில் அழைத்தார். பையன் பெட்டி தூக்கினான். பொறியாளன் பெட்டி தூக்குவதா என்று எதிரணியில் ஒருவர் உதட்டைப் பிதுக்குகிறார். பிதுக்குங்கள் ஐயா. பரிந்துரைக்க உள்ளூரில் இருவர் உண்டா, கனடா நாட்டு அனுபவம் உண்டா என்ற இரண்டு கேள்விகளுக்கும் அவனிடம் அதுவரை பதில் இல்லாமல் இருந்தது. அந்த மேற்பார்வையாளர்தான் முதல் பதில். அவர் நல்ல வார்த்தை சொன்னதால் பிறகு ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்பு வேலை கிடைத்து, இன்று அவன் படித்த படிப்பின் பக்கத்திலாவது நிற்கிறான்.

'அதற்குத்தான் சட்டம் வந்துவிட்டதே' என்றார் எதிரணியின் இரண்டாம் பேச்சாளர். உண்மைதான். ஒன்டாரியோ மாகாணத்தில் 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனங்கள், 2026 சனவரி முதல் தேதியிலிருந்து வேலை விளம்பரத்தில் கனடா அனுபவம் வேண்டும் என்று கேட்கக் கூடாது. சட்டம் விளம்பரத்தைத்தான் திருத்தும். மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் மனத்துக்குள் கேட்டுக்கொள்வதை எந்தச் சட்டம் தடுக்கும்? ஜெர்மனியின் வாய்ப்பு அட்டையையும் சொன்னார். 2024 சூனில் வந்த அந்த அட்டைக்குத் தகுதியும் மதிப்பெண்ணும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேலை தேடிக்கொள்ள ஓராண்டு வரை தங்க விடும், வாரத்துக்கு 20 மணி நேரம் பகுதிநேர வேலை செய்ய விடும், அவ்வளவுதான். வாசல் வரை கொண்டுவிட்ட தாள் அங்கேயே நின்றுவிடுகிறது.

ஆள் என்றால் மாமன் மச்சான் என்று எதிரணி நினைக்கிறது. அமெரிக்கச் சமூகவியல் அறிஞர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டன் நகரை ஒட்டிய நியூட்டன் என்ற ஊரில், வேலை மாறியவர்களிடம் விசாரித்து 1973இல் எழுதினார். தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களில் அடிக்கடி சந்திப்பவரால் பெற்றவர் ஏறத்தாழ ஆறில் ஒருவர்தான். மற்றவர்களுக்கெல்லாம் எப்போதாவது பார்க்கிற, அரிதாகப் பார்க்கிற மனிதர்கள்தாம் வழி சொன்னார்கள். மாமனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும். கல்லாவில் இருக்கும் அக்காவுக்குத் தெரிந்தது நமக்குத் தெரியாது.

இப்போது அந்தக் குத்தலுக்கு வருகிறேன். துபாய்க்கு அனுப்புகிறேன் என்று ஏமாற்றியவன் மீனவர்கள் வாழும் நம் காசிமேட்டுக்கு வந்தபோது கையில் என்ன வைத்திருந்தான்? வெறுங்கையோடு வந்தானா? முத்திரை குத்திய பணி ஆணையோடு வந்தான், விசா நகலோடு வந்தான், சம்பளத்தைக் கொட்டை எழுத்தில் அச்சடித்த ஒப்பந்தத்தோடு வந்தான். ஐயா, அவன் உங்கள் அணி! 'விசிட் விசாவில் போ, போன பிறகு மாற்றிக்கொள்ளலாம்' என்று அவன் காட்டியது தாள். அந்த விசாவில் வேலை செய்யக் கூடாது என்று சொல்ல வேண்டியது அங்கே வேலை பார்த்துத் திரும்பிய ஒருவர். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி முகவர் பதிவு பெற்றிருக்க வேண்டும், அதை அரசின் இ-மைகிரேட் தளத்தில் சரிபார்க்கலாம், அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான், பத்தாம் வகுப்பு தேறாதவர் வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி வேண்டும். இவையெல்லாம் தாளில் இருக்கும் செய்திதானே என்று எதிரணித் தலைவர் துள்ளுகிறார். இருக்கட்டும் ஐயா. வலையைப் பிரித்துக்கொண்டிருக்கிற தகப்பனிடம் போய், "பணத்தைக் கொடுக்காதே அண்ணே, முதலில் பதிவு எண்ணைக் கேள்" என்று அந்தத் தளமா நடந்து வந்து சொல்லும்? பக்கத்துப் படகுக்காரர் சொல்வார். சொல்ல ஆள் இல்லாத வீட்டில்தான் அந்தத் திருடன் நுழைந்தான்.

எனக்கு ஒரு நிமிடம்தான் இருக்கிறது என்று நடுவர் விரல் காட்டுகிறார். இந்த வடசென்னை மண்ணில் நின்றுகொண்டு பர்மாவைப் பேசாமல் இறங்க எனக்கு மனம் வரவில்லை. 1962இல் அங்கே இராணுவ ஆட்சி வந்தது, கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. 1964 மே மாதத்தில் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். ஆயுள் முழுதும் சேர்த்த தாள், நடுவர் அவர்களே, ஒரே அறிவிப்பில் குப்பையாயிற்று. அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலில் நம் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். பலர் பிறந்ததே இரங்கூனில். சொந்த நாடு என்று சொல்லப்பட்ட இது அவர்களுக்கு அந்நிய நாடு. அவர்களில் பலரை வியாசர்பாடி ஏற்றது. 'இந்தச் சுவரோரம் ஒரு சாக்கை விரித்துக்கொள், நாளைக்கு இடம் பார்க்கலாம்' என்று சொன்ன மனிதர்கள் இருந்தார்கள். கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா பஜார் எழுந்ததும், அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் வண்டிகளைச் சுற்றி நாம் இன்றும் மாலையில் கூடுவதும் அப்படி வந்தவர்களால்தான். அந்தப் பாட்டிமார் எந்தச் சான்றிதழை நீட்டி இந்த ஊரில் அடுப்பு மூட்டினார்கள்? முன்பின் பார்த்திராத ஒரு பெண்ணுக்குத் தன் வீட்டுத் திண்ணையைக் கொடுத்தவளிடம் எந்தத் தாள் காட்டப்பட்டது?

அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் மூன்றாம் வரிசையிலும் நான்காம் வரிசையிலும் அமர்ந்திருக்கிறார்கள். தாளுக்குத் தீர்ப்பு எழுதுவதாக இருந்தால் நடுவர் தாராளமாக எழுதட்டும். எழுதிய தீர்ப்பை வியாசர்பாடிச் சந்தையில் நின்று அவரே உரக்க வாசித்துவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டு அமர்கிறேன்.